‘த மால்டீஸ் ஃபால்கன்’ (1941): முழுக்கப் பேச்சு, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லையே, எப்படி?

இரண்டாம்_ரீல் (கேள்வி)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொலைகாரர் யார் என்பது வரைக்கும் இங்கே பேசுவோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

ஜான் ஹஸ்டனின் முதல் படம். ஓடுவது 100 நிமிடம். கார் துரத்தல் கிடையாது. அடிதடி என்றால் சில நொடிகள். கொலைகளில் ஒன்றுதான் கண்ணெதிரே நடக்கிறது. மீதியெல்லாம் ஹோட்டல் அறை, அலுவலகம், துப்பறிவாளன் ஸ்பேடின் வீடு என்று நான்கு சுவருக்குள். முதல்முறை பார்ப்பவர்களில் பாதிப் பேர் “பேசிக்கிட்டே இருக்காங்க” என்று குறைப்படுகிறார்கள். மீதிப் பேர் முடிந்த கையோடு மறுபடி போடுகிறார்கள். எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, துப்பறியும் கதையாக இது நேர்மையான கதைதானா? முடிவில் ஸ்பேட் சொல்லும் விளக்கத்துக்கு முன்கூட்டியே தடயம் கொடுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது கடைசியில் தொப்பியிலிருந்து முயல் எடுக்கிறார்களா?

இரண்டு, இதே நாவல் முன்பே இருமுறை படமானது. அவை மறைந்து இது மட்டும் நின்றதற்கு என்ன காரணம்?

மூன்று, இந்தப் பாணியில் பத்து நிமிடக் குறும்படம் எடுப்பவர்கள் வெளிச்சத்தை எப்படி வைக்க வேண்டும்? டிஜிட்டல் கேமராவில் முயன்றால் நிழல் வருவதில்லை, வெறும் இருட்டுதான் வருகிறது.

சாட்சி_எண்_4

முதல் கேள்விக்கு: நேர்மையான கதை. அதுவும் அப்பட்டமாக. முதல் கால்மணி நேரத்துக்குள் கொலைகாரரைச் சுட்டும் தடயம் வசனமாகவே வந்துவிடுகிறது, யாரும் கவனிப்பதில்லை.

ஸ்பேடின் கூட்டாளி ஆர்ச்சர் இறந்து கிடக்கும் இடத்தில் போலீஸ்காரர் போல்ஹவுஸ் சொல்வதைத் திரும்பக் கேளுங்கள். ஆர்ச்சரின் துப்பாக்கி இடுப்பிலேயே இருந்தது, சுடப்படவில்லை, மேல்கோட்டுப் பொத்தான் போட்டபடியே இருந்தது. அவ்வளவுதான். காட்சி தாண்டிப் போய்விடுகிறது. இப்போது கூட்டிப் பாருங்கள்: ஆர்ச்சர் பின்தொடர்ந்தது தர்ஸ்பியை, வாடிக்கையாளராக வந்த பிரிஜிட் பின்தொடரச் சொன்ன ஆளை. அனுபவமுள்ள துப்பறிவாளன் ஒருவன், தான் பின்தொடரும் ஆள் எதிரே நிற்கையில், முட்டுச்சந்தில், கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நிற்பானா? நிற்க மாட்டான். ஆக, சுட்டது தர்ஸ்பி இல்லை. ஆர்ச்சர் பயப்படத் தேவையில்லாத ஒருவர், அவனாகவே விரும்பி இருட்டுக்குள் கூடப் போயிருக்கக்கூடிய ஒருவர். ஆர்ச்சர் எப்படிப்பட்ட சபலக்காரன் என்பதை அதற்கு முந்தைய காட்சியிலேயே பிரிஜிட்டைப் பார்க்கும் அவன் பார்வையில் காட்டிவிட்டார்கள். கடைசியில் ஸ்பேட் இந்தக் கணக்கைத்தான் வாய்விட்டுச் சொல்கிறான். புதுத் தடயம் ஒன்றுகூட அதில் சேர்வதில்லை.

இது ஏன் நம் கண்ணில் படுவதில்லை என்றால், அந்த இடத்தில் நம் கவனத்தை ஆர்ச்சரைச் சுட்ட துப்பாக்கி இழுத்துக்கொள்கிறது. ஸ்பேட் அதை வெப்ளி-ஃபாஸ்பரி என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறான். (படத்தில் அதை .45, எட்டுக் குண்டு என்கிறான். உண்மையான பெரிய ரகம் .455, அதில் ஆறுதான். எட்டுக் குண்டு .38 ரகத்தில். மூலக்கதை எழுதிய ஹாமெட்டின் நாவலில் .38 என்று சரியாகத்தான் இருக்கிறது. படத்துக்கு மாற்றியவர்கள் கோட்டை விட்டார்கள்.)

அடுத்து பணம். இரண்டாம்முறை பார்க்கும்போது கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு தொகையை மட்டும் எழுதுங்கள். பிரிஜிட் கொடுப்பது இரண்டு நூறு டாலர் நோட்டு. அவள் கதையை நம்பவில்லை, அந்த இருநூறைத்தான் நம்பினோம் என்று ஸ்பேட் பிறகு அவளிடமே சொல்கிறான். உண்மைக்குத் தேவையானதைவிட அதிகம் கொடுத்ததால் பொய் என்று தெரிந்துகொண்டார்களாம். பருந்துச் சிலையைத் தேடி வரும் கெய்ரோ அதற்கு 5,000 டாலர் தருவதாகச் சொல்கிறான், முன்பணமாக நூறு என்கிறான், ஸ்பேட் இருநூறு என்கிறான். அதே சிலையைத் தேடும் கட்மன் பேசும்போது தொகை 25,000, மேலும் 25,000, இல்லாவிட்டால் விற்கும் விலையில் கால்பங்கு என்று ஏறுகிறது. உறையில் கைக்கு வரும்போது அது 10,000. சிலை போலி என்று தெரிந்ததும் அதையும் திரும்ப வாங்கிக்கொண்டு 1,000 மட்டும் விடுகிறார். அந்த ஆயிரத்தையும் ஸ்பேட் போலீஸிடம் ஒப்படைத்துவிடுகிறான். வாயால் சொல்லும் தொகை ஏற ஏற, கையில் நிற்கும் தொகை பூஜ்யத்துக்கு வருகிறது. யார் எப்போது எவ்வளவு பொய் சொல்கிறார் என்பதற்கு இதைவிடச் சரியான அளவுகோல் படத்தில் இல்லை.

முழுக்கப் பேச்சு என்கிறவர்களுக்கு: ஆமாம், பேச்சுதான். ஆனால் ஒவ்வொரு பேச்சும் பேரம். எதிராளிக்கு என்ன தெரியும் என்று தெரியாமல் போடும் பேரம். கட்மனின் அறையில் ஸ்பேட் கண்ணாடிக் கிளாஸை உடைத்துக் கத்திவிட்டு வெளியேறுகிறானே, தாழ்வாரத்துக்கு வந்ததும் என்ன செய்கிறான்? நடுங்கும் தன் கையைப் பார்க்கிறான், சிரிக்கிறான். கோபம் நடிப்பு, நடுக்கம் நிஜம். அந்த மூன்று நொடியை விட்டுவிட்டால் ஸ்பேடாக நடிக்கும் போகார்ட் வெறும் முரடனாகத்தான் தெரிவார்.

பழைய_பிரதி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

வார்னர் பிரதர்ஸ் இந்த நாவலைப் பத்தே வருடத்தில் மூன்று முறை எடுத்தது. 1931இல் ராய் டெல் ரூத் இயக்கியது, ரிக்கார்டோ கார்டஸ் ஸ்பேடாக, பீபி டேனியல்ஸ் நாயகியாக. 1936இல் ‘சேட்டன் மெட் எ லேடி’, இயக்கம் வில்லியம் டீட்டர்லே, நடிப்பு பெட்டி டேவிஸ், வாரன் வில்லியம். அதில் பருந்துச் சிலைக்குப் பதில் ஒரு பழைய ஊதுகொம்பைத் தேடுகிறார்கள், பாதிக்குமேல் கேலிக்கூத்து. மூன்றாவதுதான் ஹஸ்டனுடையது.

1931 படம் மோசமில்லை, பலர் பார்க்காமலே ஒதுக்குகிறார்கள். கதை ஓட்டம் ஏறக்குறைய இதேதான். தணிக்கை விதிகள் இறுகுவதற்கு முந்தைய படம் என்பதால் நாவலில் உள்ள ஒரு காட்சியை, காணாமல்போன ஆயிரம் டாலர் நோட்டுக்காக ஸ்பேட் அவளை ஆடை களையவைத்துச் சோதிப்பதை, அது தைரியமாக வைத்திருக்கிறது. அதனாலேயே விதிகள் வந்தபின் மறுவெளியீட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பிற்காலத்தில் தொலைக்காட்சிக்குப் போனபோது ‘டேஞ்சரஸ் ஃபீமேல்’ என்று பெயரை மாற்றினார்கள். அதன் குறை வேறு இடத்தில். கார்டஸின் ஸ்பேட் எந்நேரமும் இளித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு எதுவும் நஷ்டமாகாது என்று தெரிந்துவிடுவதால் நமக்கும் பதற்றம் இல்லை.

ஹஸ்டன் செய்தது மூன்று காரியம். வசனத்தை ஹாமெட்டிடமிருந்து அப்படியே எடுத்தார். நாவலே கிட்டத்தட்ட வெளியிலிருந்து பார்த்து எழுதப்பட்டது, ஸ்பேட் என்ன நினைக்கிறான் என்று ஓரிடத்திலும் சொல்லாது. அதைத் திரைக்கும் கொண்டுவந்தார்: பின்னணிக் குரல் இல்லை, பின்னோக்கிய காட்சி இல்லை, ஆர்ச்சர் சுடப்படும் சில நொடிகள் போக ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் ஸ்பேட் இருக்கிறான். நமக்குத் தெரிவது அவன் கண்டதும் கேட்டதும் மட்டுமே, அவன் மனசு கிடையாது. ஆர்ச்சர் செத்த செய்தி நள்ளிரவில் ஃபோனில் வரும்போது கேமரா ஸ்பேடின் முகத்துக்குப் போவதே இல்லை. ஃபோனையும் சன்னலையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது, குரல் மட்டும் கேட்கிறது. வேறு எந்த இயக்குநரும் அங்கே ஒரு குளோசப் வைத்திருப்பார்.

மூன்றாவது, வெட்டியது. ஒரு நாள் வீட்டையும் வேலையையும் விட்டு மறைந்துபோன ஃப்ளிட்கிராஃப்ட் என்ற மனிதரின் கிளைக்கதை, கட்மனின் மகள், அடியாள் வில்மர் கையால் கட்மன் சாவது எல்லாம் போய்விட்டது. முக்கியமாக முடிவு. நாவல் மறுநாள் காலை அலுவலகத்தில், காரியதரிசி எஃபி ஸ்பேடை வெறுத்து விலக, ஆர்ச்சரின் மனைவி அய்வா வாசலில் வந்து நிற்பதோடு முடிகிறது. மிகக் கசப்பான முடிவு. படம் முந்தைய இரவோடு நிறுத்திக்கொள்கிறது: பிரிஜிட் லிஃப்டில் இறங்க, கம்பிக்கதவின் நிழல் அவள் முகத்தில் சிறைக்கம்பியாக விழ, ஸ்பேட் சிலையோடு படியில் இறங்குகிறான். என் கணக்கில் நாவலின் முடிவுதான் பெரிது. ஆனால் படத்துக்கு இதுதான் பொருத்தம், ஏனென்றால் எஃபிக்குப் படத்தில் அந்த அளவுக்கு இடம் கொடுக்கப்படவில்லை.

நடிகர் தேர்வும் அதிர்ஷ்டம். ஸ்பேட் வேடம் முதலில் ஜார்ஜ் ராஃப்ட்டுக்குப் போனது, அவர் மறுத்தார். நாவலின் ஸ்பேட் உயரமான, வெளிர்முடிக்காரன். போகார்ட் இரண்டும் இல்லை. கட்மனாக வரும் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் அறுபது வயதைத் தாண்டிய மேடை நடிகர், அவருக்கு இது முதல் திரைப்படம், அதற்கே துணைநடிகர் ஆஸ்கர் பரிந்துரை. பதினேழு வருடம் தேடிய சிலை போலி என்று தெரிந்தபிறகு, இன்னும் ஒரு வருடம் செலவானால் அது ஐந்தும் பதினைந்தின்கீழ் பதினேழு சதவீதம் கூடுதல்தானே என்கிறார். போட்டுப் பாருங்கள், நூறைப் பதினேழால் வகுத்தால் அதுவேதான் வரும். பேராசைக்காரனை இவ்வளவு உற்சாகமாக எழுதியவர்கள் குறைவு.

ஒரு எச்சரிக்கை. தொடக்க எழுத்தில் வரும் வரலாற்றை நம்பி எங்கும் எழுதிவிடாதீர்கள். 1539, மால்டாவின் டெம்ப்ளர் வீரர்கள், பொற்பருந்து என்று இருக்கும். டெம்ப்ளர் அமைப்பு 1312இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. மால்டாவை ஐந்தாம் சார்லஸ் 1530இல் கொடுத்தது புனித யோவான் சபை வீரர்களுக்கு. அவர்கள் ஆண்டுதோறும் செலுத்தியது உயிருள்ள ஒரு பருந்து.

எஃப்_எட்டு

மூன்றாவது கேள்வி என் பக்கம். முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தை உடைக்க வேண்டும்: இந்தப் படம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இருட்டான படம் இல்லை. அலுவலகக் காட்சிகள் பகல் வெளிச்சத்தில் இருக்கின்றன. கன்னங்கரிய நிழல் வேண்டுமென்றால் 1944இன் ‘டபுள் இன்டெம்னிட்டி’யில் ஜான் சைட்ஸ் செய்ததையும், 1947இன் ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’டில் நிக்கலஸ் முசுராகா செய்ததையும் பாருங்கள். ஃபால்கனின் ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன் (‘ஃபிராங்கன்ஸ்டைன்’, பிறகு ‘காசபிளாங்கா’) இங்கே அதிகம் நம்பியது கேமராவின் உயரத்தை. கட்மன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கேமரா அவர் முழங்கால் மட்டத்தில், தரையிலிருந்து அறுபது எழுபது சென்டிமீட்டரில் இருப்பதுபோல் தெரியும். வயிறு சட்டகத்தை அடைக்கிறது, முகம் அதற்கு மேலே எங்கேயோ. கூரையும் தெரிகிறது. கூரை தெரிந்தால் மேலேயிருந்து விளக்குத் தொங்கவிட முடியாது, எல்லாம் பக்கவாட்டிலும் தரையிலுமிருந்துதான் வரவேண்டும். அறைக்குள் அடைபட்ட உணர்வு பாதி அதனால் வருவது.

இனி வெறும் இருட்டாக வருவதற்கான காரணம். பெரும்பாலும் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் பதியும் வெளிச்சத்தை, ஒட்டுமொத்தமாகக் குறைக்கிறார்கள். அது தவறு. முகத்தின் ஒளிபட்ட பக்கம் சரியான எக்ஸ்போஷரில், மிஞ்சினால் அரை ஸ்டாப் கீழே இருக்கட்டும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). நிழல்பக்கம் அதைவிட மூன்று ஸ்டாப் கீழே, அதாவது 8:1. இருட்டு என்பது விளக்குப் போடாத இடம். குறைத்து எடுத்த இடம் இல்லை. குறைத்து எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் தூக்கினால் நிழலில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல்தான் எழும்பும்.

விளக்கு ஒன்று போதும், ஆனால் கடின ஒளி, அதாவது கூர்மையான விளிம்போடு நிழல் போடும் ஒளி, வேண்டும். சாஃப்ட்பாக்ஸ், குடை, எல்இடி பலகை மூன்றையும் ஒதுக்குங்கள். முகப்பில் லென்ஸ் உள்ள ஃபிரெனல் விளக்கு, இல்லையென்றால் சிப் சிறியதாக உள்ள எல்இடியை மூடி கழற்றிய நிலையில். ஃபிரெனலில் ஒரு நுணுக்கம்: கற்றையைக் குவித்தால் நிழல் கூர்மையாகும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. முழுக்க விரித்து வைத்தால்தான் ஒளிமூலம் சிறியதாகி விளிம்பு கூர்மையாகும்.

சன்னல் மறைப்பின் பட்டைகள் சுவரில் கோடுகோடாகப் போடும் நிழலுக்குக் கணக்கு இருக்கிறது. நிழல் விளிம்பின் மங்கல் = ஒளிமூலத்தின் அகலம் × பட்டைக்கும் சுவருக்கும் உள்ள தூரம் ÷ விளக்குக்கும் பட்டைக்கும் உள்ள தூரம். விளக்கு முகப்பு 10 செ.மீ., விளக்கிலிருந்து பட்டை 3 மீட்டர், பட்டையிலிருந்து சுவர் 1 மீட்டர் என்றால் மங்கல் 3.3 செ.மீ. வரும். பட்டையே 2.5 செ.மீ. அகலம்தான், ஆக எல்லாக் கோடும் ஒன்றோடொன்று கரைந்து சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். விளக்கை 6 மீட்டருக்குத் தள்ளினால் 1.7 செ.மீ.; அதுவும் இந்தப் பட்டைக்குப் போதாது. 3 மீட்டரிலேயே 3 செ.மீ. சிப் வைத்தால் 1 செ.மீ., கோடு தெளிவாக விழும். அறை சிறியது, தள்ள இடமில்லை என்றால் 5 செ.மீ. பட்டைகளாக அட்டையில் வெட்டிச் சட்டமாக நிறுத்திவிடுங்கள்.

விளக்கைத் தள்ளி வைப்பதில் இன்னொரு லாபம். நடிகர் விளக்கிலிருந்து 1 மீட்டரில் நின்று அரை மீட்டர் பின்வாங்கினால் வெளிச்சம் ஒரு ஸ்டாப்புக்கும் மேல் விழுந்துவிடும். 4 மீட்டரில் நின்று அதே அரை மீட்டர் நகர்ந்தால் மூன்றில் ஒரு ஸ்டாப்தான். நடந்துகொண்டே பேசும் காட்சிக்கு இது உயிர்.

சுவரில் இரட்டை நிழல் விழுந்தால் இரண்டாவது விளக்கும் கடினமாக இருக்கிறது என்று பொருள்; அதை அணையுங்கள், அல்லது கேமரா பக்கமாக ஒரு வெள்ளை அட்டையில் பட்டுத் திரும்பவிடுங்கள். வெளிர்நிறச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து நிழலைக் கெடுக்கும். நடிகரின் நிழல்பக்கத்தில், சட்டகத்துக்கு வெளியே ஒரு கறுப்புத் துணியைக் கட்டுங்கள்.

வண்ணத்தில் எடுத்துக் கறுப்புவெள்ளை ஆக்கும்போது நிறச் செறிவைப் பூஜ்யமாக்குவதோடு நிறுத்தாதீர்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிச் சுவரும் சட்டையும் ஒட்டிக்கொள்ளும். நிற அலைவரிசைகளைத் தனித்தனியாகக் கலந்து பாருங்கள். சிவப்பைக் கூட்டினால் முகம் வழுவழுவென்று வெளிறும்; பச்சையையும் நீலத்தையும் கூட்டினால் சுருக்கமும் தாடியும் எழும்பும். ஸ்பேடுக்கு இரண்டாவது, பிரிஜிட்டுக்கு முதலாவது. சட்டை தூய வெள்ளையாக வேண்டாம், வெளிர்நீலமோ பழுப்பு வெள்ளையோ போதும். கடின ஒளியில் வெள்ளை எரிந்துவிடும்.

இரண்டாம்_ரீல்

மூவருக்கும் நன்றி. பொத்தான் விஷயம் கண்ணைத் திறந்துவிட்டது. அப்படியானால் ஸ்பேடுக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியுமா? தெரிந்தும் அவளோடு பழகினானா?

சாட்சி_எண்_4

என் கட்சி: தெரியும், அல்லது தொண்ணூறு சதவீதம் தெரியும். போல்ஹவுஸ் சொன்னதை அவன் காதில் வாங்கிய விதம் அப்படி. உடலை இறங்கிப் பார்க்கக்கூட மறுக்கிறான், நீயே எல்லாம் பார்த்துவிட்டாயே என்கிறான். தேவையான விவரம் அவனுக்குக் கிடைத்துவிட்டது. முடிவில் அவன் அடுக்கும் காரணங்களைக் கேளுங்கள்: கூட்டாளி கொல்லப்பட்டால் ஏதாவது செய்தாக வேண்டும், தொழிலுக்குக் கெட்ட பெயர், அவளை நம்ப முடியாது, நாளை தனக்கே குண்டு விழலாம். அந்தக் கணத்தில் யோசித்தவை போலவா இருக்கின்றன? நாள்கணக்கில் மனசுக்குள் போட்டுப் புரட்டியவை. தராசின் மறுதட்டில் அவன் வைப்பது ஒன்றே ஒன்று, ஒருவேளை காதலாக இருக்கலாம் என்பது. அந்த ‘ஒருவேளை’யில்தான் போகார்டின் குரல் உடைகிறது.

பழைய_பிரதி

இங்கே நான் ஒத்துப்போகவில்லை. தர்ஸ்பி இல்லை என்பதுதான் அந்தத் தடயத்திலிருந்து உறுதியாகக் கிடைப்பது. அவள்தான் என்பதற்கு இன்னொரு படி வேண்டும்: தர்ஸ்பியைப் பின்தொடரச் சொன்னதே அவனைத் தொலைக்கத்தான் என்பது. கட்மன் அவளுக்கு யார் என்பது தெரியும்வரை ஸ்பேடிடம் அதற்கு ஆதாரம் இல்லை. சந்தேகம் முதல் இரவில், நிச்சயம் கடைசி இரவில். நடுவில் அவன் செய்வதெல்லாம் அந்தச் சந்தேகம் பொய்யாகட்டும் என்று ஒரு பக்கமும், மெய்யானால் தான் மாட்டக்கூடாது என்று இன்னொரு பக்கமும் காய் நகர்த்துவது. மேரி ஆஸ்டரின் மூச்சிரைப்பைக் கவனியுங்கள். பொய் சொல்பவள் மூச்சு வாங்கினாற்போல் இருக்க வேண்டும் என்று டேக்குக்கு முன் செட்டைச் சுற்றி ஓடிவிட்டு வந்து நிற்பாராம். ஸ்பேட் “பிரமாதம்” என்று சிரிப்பது அந்த நடிப்புக்குத்தான். பொய்யென்று தெரிந்து ரசிக்கிறான். கொலைகாரி என்று தெரிந்திருந்தால் அப்படிச் சிரிப்பு வராது.

எஃப்_எட்டு

இந்தச் சண்டை தீராது, விடுங்கள். மறுபடி பார்க்கப்போகிறவர்களுக்கு நான்கு குறிப்பு. சட்டக விகிதம் 1.37:1, அதாவது திரையின் இரு ஓரமும் கறுப்பாக இருந்தாக வேண்டும். டிவி பெரிதாக்கி நிரப்பியிருந்தால் மேலும் கீழும் வெட்டுப்பட்டுக் கட்மனின் கூரை காணாமல்போகும். அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நாடக ஒளிப்பதிவு மாதிரி ஆகிவிடும். 1986இல் டெட் டர்னர் தரப்பில் வண்ணம் பூசி வெளியிட்ட பிரதி கிடைத்தால் தொடாதீர்கள்; ஹஸ்டனே அதைக் கண்டித்தார். வசனம் வேகம், ஆகையால் முதல்முறை சப்டைட்டிலோடு, இரண்டாம்முறை அது இல்லாமல். எழுத்தை வாசிக்கிற கண்ணுக்கு ஸ்பேடின் கை நடுங்குவது தெரியாது.